இரட்டைக் கோட்டில் நின்ற குடும்பம்

என் மருமகள் அந்த லென்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மனம்போல ஆட முடியவில்லை, அசைய முடியவில்லை. சோற்றுக் கரண்டியோடு திரும்பினால் "அப்படியே நில்லுங்க அத்தை" என்பாள். நின்று நின்று ரசம் பொங்கி வழிந்ததுதான் மிச்சம்.

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது இவளிடம் கொடுத்துவிட்டுப் போன லென்ஸ் அது. செங்கம் ரோட்டில் இருக்கும் காபிக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது இவள் வேலை. கேக், சூப், கட்டில், மெத்தை, ஜன்னல் வழியாகத் தெரிகிற மலை. அதுவரை வைத்திருந்த லென்ஸ் தானாகவே பார்த்துத் தானாகவே தெளிவாக்கிக் கொள்ளுமாம். இது அப்படி இல்லை. முழுக்க இரும்பும் கண்ணாடியும். அம்மிக் குழவியில் ஒரு துண்டு வெட்டி மூடி போட்டது போல ஒரு கனம். கிட்டே இழுக்காது, தூரத் தள்ளாது. யாரைத் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதையும் இவள்தான் கையால் திருகித் திருகிச் சொல்ல வேண்டும்.

"ஃபோன்ல எடுத்தா டக்குனு வந்துடுதே. கை வலிய நீயா தேடிப் போய் வாங்கினியா?" என்று கேட்டேன்.

"ஃபோன் தானா யோசிக்கும் அத்தை. இது நான் யோசிச்சாதான் வேலை செய்யும்."

"அப்போ ரொம்ப நேரம் ஆகும்னு சொல்லு."

அவளுக்குக் கோபம் வராது. சிரித்துக்கொண்டே லென்ஸை ஒரு டப்பாவில் வைத்து, ஈரத்தை உறிஞ்சுகிற மணிப் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடுவாள். ஈரக் காற்று பட்டால் பூஞ்சை பிடித்துவிடுமாம். என் ஊறுகாய் ஜாடிக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. அதில் என் மகன் ஈரக் கையை விடுவான்.

திருகிப் பழக அவளுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. கேக் நல்ல பிள்ளை, வைத்த இடத்தில் இருக்கும். மனித முகம் அப்படியில்லை. அதனால் வெயில் சாய்ந்ததும் மாடிக்குக் கூட்டிப்போய் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பாள். எதிரே நின்று திருகுவாள். எந்த இடம் தெளிவாகிறதோ அந்த இடத்தின் ஓரமெல்லாம் கேமராத் திரையில் சிவப்பாக மினுக்கும். முதல் நாள் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியபோது அதைப் பார்த்துவிட்டு என் முகத்தில் செவ்வெறும்பு ஊர்கிறது என்று தட்டிவிட்டேன். இன்னொரு பொத்தானை அழுத்தினால் என் கண் மட்டும் சோற்றுத் தட்டு அளவுக்குப் பெரிதாகத் தெரியும். கண்ணைச் சுற்றி இருக்கும் சுருக்கமும் தெரியும். செங்கம் ரோட்டில்கூட அத்தனை குண்டு குழி கிடையாது.

"அத்தை, பேசாதீங்க."

"பேசலைன்னா போய்ட்டேன்னு நெனச்சு மாலை போட்டுடப் போறாங்க."

"பேசினா தலை முன்னால வருது. மூக்குத்திக்கு ஃபோகஸ் வருது, கண்ணுக்கு வர மாட்டேங்குது."

"மூக்குத்தியவே எடு. அதாச்சும் என் அம்மா போட்டது. கண்ணுல இருக்கறது டாக்டர் வச்சது."

உண்மைதான். எனக்குள்ளும் ஒரு லென்ஸ் இருக்கிறது. புரை எடுத்தபோது வைத்தார்கள். தூரத்தில் மலை தெரியும், மலைமேல் ஏறுகிற ஆடுகூடத் தெரியும். கையில் இருக்கிற ஊசிக்கண் தெரியாது. இதைச் சொன்னபோது மருமகள் குதித்தாள். "அத்தை, உங்க லென்ஸும் என் லென்ஸும் ஒரே ஜாதி" என்றாள். "ஒரே ஜாதி இல்லம்மா. உன்னுத திருகலாம். என்னுத திருகினா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றேன்.

இப்படிப் பழகிக்கொண்டிருந்தபோதுதான் கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனாரின் பேரனுக்குக் காது குத்து வந்தது. நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. நல்லவள். ஒரு விஷயத்தையும் மறக்க மாட்டாள், அவ்வளவுதான். "நம்ம வீட்டுப் பொண்ணு இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று என் மருமகளையே படம் எடுக்கச் சொன்னாள். இவளும் புது லென்ஸை மாட்டிக்கொண்டு போனாள். தாய்மாமன் மடியில் குழந்தை. எதிரே ஊசியோடு ஆசாரி. இவள் குழந்தையின் முகத்துக்குக் கச்சிதமாகத் திருகி வைத்தாள். ஊசியைப் பார்த்ததும் குழந்தை தலையைப் பின்னால் இழுத்தது. காதைத் தேடி ஆசாரி தலையை முன்னால் நீட்டினார். படத்தில் ஆசாரியின் மீசை ஒரு முடி விடாமல் வந்திருந்தது. குழந்தை மார்கழி மாசத்துப் பனியில் தொலைந்துபோயிருந்தது.

"காது குத்தினது யாருக்கு அண்ணி, ஆசாரிக்கா?" என்று நாத்தனார் கேட்டாள். அன்றைக்கு மட்டும் இல்லை. அதற்கப்புறம் ஃபோன் செய்யும்போதெல்லாம் "ஆசாரி எப்படி இருக்காரு?" என்று என்னிடம் விசாரிப்பாள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள் ஆசாரிதான். கடையில் மாட்டியிருக்கிறாராம்.

இந்த நிலைமையில் நாத்தனாரின் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு ஸ்டுடியோக்காரர் படம் எடுத்திருந்தார். கல்யாணத்துக்கும் அவரையே சொல்வதாக இருந்தார்கள். என் மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "ஒரு கல்யாணம் எடுத்தா அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடுவாங்க அத்தை. சொந்தக்காரங்களே கூப்பிடலைன்னா வேற யார் கூப்பிடுவாங்க? கடைசி வரைக்கும் நான் கேக்தான் எடுக்கணும்."

கேக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் வாயை மூட வைக்கிற விஷயம் பெரிய விஷயமாகத்தான் இருக்கும்.

அவளே நாத்தனாருக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன்," என்றாள் நாத்தனார். "கார்த்திகை தீபத்துக்கு எப்பவும் போல உங்க வீட்டுக்கு வர்றோம். மாடியில எல்லாரையும் நிக்க வை. பின்னால மலை, மலை மேல ஜோதி. ஏத்துற நேரத்துல ஒரே ஒரு படம். எல்லார் மூஞ்சியும் தெரியணும். தெரிஞ்சா கல்யாணம் உன் கையில. தெரியலைன்னா ஸ்டுடியோக்காரர். இன்னா சொல்ற?"

"சரிங்க அத்தை."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏம்மா, ஏத்தின அப்புறம் எடுத்தா இன்னா? ஜோதி எங்க ஓடிடப் போவுது? நாள் கணக்குல எரியும்."

"ஏத்துற நேரம் வேற அண்ணி. மறுநாள் எரியறது வேற."

ஃபோனை வைத்த பிறகு மருமகளும் அதையே சொன்னாள். ஏற்றுகிற நேரத்தில்தான் வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்குமாம். அந்த மிச்ச வெளிச்சத்தில் முகத்தை எடுக்கத்தான் இந்த லென்ஸே பிறந்ததாம். கொஞ்ச நேரம் போனால் இருட்டு, எந்த லென்ஸாலும் முடியாதாம். பார்க்காத பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் மாதிரி பேசினாள்.

தீபத்தன்று நாத்தனார் குடும்பம் மத்தியானமே வந்து இறங்கியது. ரோடெல்லாம் கூட்டம், வேனைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்தே வந்தார்கள். நாத்தனார், அவள் வீட்டுக்காரர், காது குத்திய பேரனோடு மகனும் மருமகளும், கல்யாணப் பெண். காலையிலிருந்து எல்லாரும் விரதம். ஜோதியைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு. குழந்தைக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் விலக்கு. குழந்தைக்கு வயது போதாது, என் வீட்டுக்காரருக்கு மன உறுதி போதாது.

நானும் நாத்தனாரும் அடுப்படியில் உட்கார்ந்து பொரி உருண்டை பிடித்தோம். பசியில் இருந்ததால் அவள் குரல் தணிந்திருந்தது.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. இந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளைய புடிச்சிருக்கா இல்லையானே தெரியல."

"கேட்டியா?"

"கேட்டேன். 'உம்'னு சொல்றா. 'உம்'னா இன்னா அர்த்தம்? நிச்சயதார்த்த ஆல்பத்தைப் பாத்தீங்க இல்ல? ஒரு படத்துலயாவது சிரிச்சாளா? பல்லு வலிக்காரி மாதிரி உக்காந்துனு இருக்கா. நாங்க சொன்னோம்னு தலையாட்டிட்டாளோனு பயமா இருக்கு அண்ணி."

அவள் கையிலிருந்த பாகு ஆறிக்கொண்டிருந்தது. "முதல்ல உருண்டைய புடி. ஆறினா அதுவும் சிரிக்காது" என்றேன். வேறு என்ன சொல்வது?

மாலையில் மருமகள் என்னிடம் ஒரு சாக்பீஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாடியில் கைப்பிடிச் சுவருக்கு ஐந்தாறு அடி முன்னால் நேராக ஒரு கோடு போட வேண்டும். எல்லாரும் அதன்மேல் நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று அந்தக் கோட்டுக்குச் சரியாக லென்ஸைத் திருகி வைத்துவிட்டு, அப்புறம் அதைத் தொடவே மாட்டாள். முன்னால் பின்னால் போனால் முகம் கலங்கிவிடும். இதுதான் அவள் திட்டம்.

நல்ல நாளும் அதுவுமாகச் சாக்பீஸில் போடுவதற்கு என் வீடு என்ன பள்ளிக்கூடமா? கோலமாவை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கோடு இழுக்கக் குனிந்தபோதுதான் கை நின்றது. ஒற்றைக் கோட்டை எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்குப் போட மாட்டோம். அது கெட்ட காரியத்துக்குப் போடுவது. கல்யாணப் பெண் வந்து நிற்கப் போகிற இடம் வேறு. அதனால் ஒரு ஜாண் இடைவெளி விட்டு இரண்டு கோடாக இழுத்தேன். இரண்டு முனையிலும் ஒரு தாமரை வைத்தேன். ஓரத்துக்குச் செம்மண்ணும் பூசினேன்.

மருமகள் கேமராவோடு மேலே வந்தாள். கோலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இது இன்னா?"

"கோடு."

"ரெண்டு இருக்குதே."

"ஒண்ணு போட்டா சாவு வீடு."

"இதுல எந்தக் கோட்டுல நிக்கணும்?"

"அத உன் லென்ஸைக் கேளு. ரெண்டுமே நேராத்தான் இருக்கு."

அழித்துவிட்டுப் போட நேரமில்லை. முன் கோட்டுக்குத் திருகி வைத்துக்கொண்டாள். பிறகு எல்லாரையும் மேலே கூப்பிட்டாள். மலை கறுத்து நின்றது. உச்சியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. மேலே ஏற்றாமல் கீழே யாரும் ஏற்ற மாட்டோம்.

எல்லாரையும் நிற்க வைத்த கதை தனிக் கதை. நாத்தனார் பின் கோட்டில் போய் நின்றுகொண்டாள். முன்னால் நின்றால் குண்டாகத் தெரிவாளாம். அவள் வீட்டுக்காரர் நேராகப் போய்த் தாமரைமேல் நின்றார். "ஏங்க, அது பூவுங்க, மிதிக்காதீங்க" என்றதும் பதறிப்போய்க் கோட்டையே விட்டு வெளியே வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் முன் கோட்டில் ஒரு கால், பின் கோட்டில் ஒரு கால். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். அவர் வாழ்க்கையே அப்படித்தான்.

"எல்லாரும் முன் கோடு. முன் கோட்டுல நில்லுங்க," என்று மருமகள் தொட்டி ஓரத்திலிருந்து கெஞ்சினாள்.

"முன்னால நின்னா நான் குண்டா தெரிவேன்னு சொல்றேன் இல்ல," என்றாள் நாத்தனார்.

"பின்னால நின்னா தெரியவே மாட்ட," என்றேன். "எது வேணும்னு நீயே சொல்லு."

முன் கோட்டுக்கு வந்தாள்.

கல்யாணப் பெண் மட்டும் ஒரு பேச்சும் பேசாமல் முன் கோட்டில் நடுவில், இரண்டு கால் விரலும் கோட்டைத் தொடும்படி நின்றாள். அவள் தாவணிக்குள் என்னவோ மினுக்கியது. என் கண்ணுக்குத்தான் கிட்டத்தில் தெரியாதே, அதனால் எதையும் பார்க்காத மாதிரி நின்றேன். அது ஃபோன் என்பது தெரிய லென்ஸ் தேவையில்லை.

"இப்படியே நில்லுங்க," என்றாள் மருமகள். "ஜோதி ஏத்தினதும் யாரும் திரும்பக் கூடாது. என்னைத்தான் பாக்கணும். சரிங்களா?"

"சரி," என்றார்கள் எல்லாரும். நானும் சொன்னேன்.

இப்போது யோசித்தால் அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வருகிறது. இந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களைப் பார்த்து, ஜோதி ஏற்றுகிற நேரத்தில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில்லு, திரும்பாதே என்கிறாள். அதற்காகவே காலையிலிருந்து பட்டினி கிடக்கிற நாங்களும் சரி என்கிறோம். வெளிச்சத்தை யோசித்தாள், தூரத்தை யோசித்தாள், கோட்டை யோசித்தாள். இதை அவளும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

கோயில் பக்கம் வேட்டுச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒரு குரல். அவ்வளவுதான். முதலில் திரும்பியது என் நாத்தனார். "அரோகரா" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரைப் பார்த்து ஓடினாள். அவள் பின்னால் அவள் வீட்டுக்காரர். குழந்தையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மகன். என் மகன், என் வீட்டுக்காரர், நான். ஊரே கத்தியது, நாங்களும் கத்தினோம். உச்சியில் சின்னதாக ஒரு பொட்டு, பிறகு நாக்கு நீட்டியது போல நெருப்பு. வருஷா வருஷம் பார்க்கிறேன். வருஷா வருஷம் கண்ணில் தண்ணீர் வருகிறது. டாக்டர் வைத்த கண்ணிலும்தான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முதுகுக்குப் பின்னால் "க்ளிக்" என்று ஒன்று கேட்டது. ஒன்றே ஒன்று.

திரும்பிப் பார்த்தேன். எங்களைத் திட்ட வேண்டியவள், எடுத்த படத்தைக்கூடப் பார்க்காமல், கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நாத்தனாருக்கு நினைவு வந்தது.

"எடுத்துட்டியா?"

"எடுத்தேங்க அத்தை."

"மூஞ்சியெல்லாம் தெரியுதா?"

"முதுகு தெரியுதுங்க."

"யாரு முதுகு?"

"எல்லாருதும்தான்."

நாத்தனார் யோசித்தாள். "திரும்பாதீங்கனு நீ சொல்லியிருக்கணும்."

"சொன்னேங்க அத்தை."

"சத்தமா சொல்லியிருக்கணும்."

மறுபடி நிற்க வைக்கலாம் என்று என் மகன் சொன்னான். அதற்குள் நீலம் போய்விட்டது. பெண்கள் விளக்கேற்றக் கீழே இறங்கிவிட்டார்கள். வாசல், மாடம், கிணற்றடி என்று எல்லா இடத்திலும் அகல் வைத்து முடித்ததும் பசி வந்து வரிசையில் நின்றது. என் நாத்தனாரைச் சாப்பாட்டு இலையிலிருந்து எழுப்பி மாடிக்கு ஏற்ற அண்ணாமலையாரே வந்தாலும் முடியாது. மறுநாள் காலையில் கடலைக்காய் பிடுங்க ஆள் சொல்லியிருந்தாள், முதல் வேலையாகக் கிளம்பிவிடுவாள். மலைமேல் ஜோதி நிற்கும், நாத்தனார் நிற்க மாட்டாள்.

மருமகள் எல்லாருக்கும் அப்பம் வைத்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டே, "உன்மேல கோவம் இல்லம்மா. கல்யாணம்னா ஒரு தடவைதான். மறுபடி தாலி கட்டுங்கனு சொல்ல முடியாது இல்ல?" என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மருமகள் "ஆமாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வரவில்லை. பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. துலக்கின பாத்திரத்தையே மறுபடி துலக்குகிற சத்தம்.

கூடத்தில் கேமரா கிடந்தது. நான் எடுத்தேன். மாடியில் உட்கார்ந்து உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்தினால் படம் வரும் என்பது எனக்கும் தெரிந்திருந்தது. கையை முழுசாக நீட்டிப் பிடித்தும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நடுவில் ஏதோ வெளிச்சம் என்று மட்டும் தெரிந்தது. நாத்தனாரிடம் கொண்டுபோனேன்.

"உன் முதுகு எப்படி வந்திருக்குனு பாரேன். இதுல நீ குண்டா இல்ல."

வேண்டாம் என்றுதான் தலையை ஆட்டினாள். ஆனால் குண்டா இல்லையா என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

"இது எங்க வீட்டுக்காரர் வழுக்கை. இது என் கொண்டை. பூ சரிஞ்சு கெடக்குது, ஒருத்தர் சொல்லக்கூடாதா? இது யாரு, அண்ணனா?"

"அவருதான். கல்யாணம் ஆனதுல இருந்து அவரு கண்ண மூடாத ஒரே படம் இது. கண்ணே தெரியல."

"எல்லாம் கலங்கினு இருக்கு அண்ணி. மலை மேல இன்னா இது, லட்டு மாதிரி?"

"ஜோதிதான். கோட்ட விட்டு ஓடினவங்க எல்லாம் கலங்கத்தான் செய்வாங்க. நடுவுல பாரு. நடுவுல இன்னா வெளிச்சம்?"

பெரிதாக்குகிற பொத்தானை அழுத்தினேன். நாத்தனார் கேமராவைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

பிறகு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படத்தில் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி ஓடுகிறார்கள். அத்தனை பேருக்கும் நடுவில், முன் கோட்டைவிட்டு ஒரு விரல்கூட நகராமல், கல்யாணப் பெண் ஒருத்தி மட்டும் மலைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். ஃபோனைக் கன்னத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து, தோளுக்குப் பின்னால் ஜோதி தெரிகிற மாதிரி அதைச் சாய்த்துக்கொண்டு, அந்த ஃபோன் வெளிச்சம் முகத்தில் அடிக்க, வாய் நிறையச் சிரிக்கிறாள். புருவத்து முடிவரைக்கும் தெளிவாக வந்திருக்கிறாள்.

"யாரைப் பாத்து இப்படி சிரிக்கிறா?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"உன் மாப்பிள்ளையத்தான். வேற யாரு? ஓசூர்ல கம்பெனியில டூட்டியாம், லீவு தரல. நீ அரோகரா போட்டியே, அப்போ அவ ஃபோன்ல இருந்தும் ஒரு அரோகரா கேட்டுது. எனக்குக் கண்ணுதான் கம்மி. காது நல்லாத்தான் இருக்கு."

நாத்தனார் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு குரலை உயர்த்தி மகளைக் கூப்பிட்டாள். அவள் வந்து நின்றாள். அம்மா கையில் கேமராவைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அண்ணாமலையாருக்கு முதுகைக் காட்டினு நிக்கற, வெக்கமா இல்ல?"

"அக்காதான் திரும்பக் கூடாதுன்னாங்கம்மா."

"நிச்சயதார்த்தத்துல இப்படி சிரிச்சா இன்னா கொறஞ்சா போயிடும்?"

"அந்த ஸ்டுடியோக்காரர் 'சிரிம்மா, சிரிம்மா'ன்னே இருந்தாரு. ஒருத்தர் சொன்னா எப்படிம்மா சிரிக்கறது?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. மருமகள் ஈரக் கையோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் வேறு எதையும் துடைத்தாளா என்று எனக்குத் தெரியாது. கிட்டத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்னேனே.

"காலையில ஞாபகப்படுத்துங்க அண்ணி," என்றாள் என்னிடம். "அந்த ஸ்டுடியோக்காரருக்கு ஃபோன் பண்ணணும்."

"இன்னானு?"

"வேற எடம் பாத்துக்கங்கனு." பிறகு வாசற்படிப் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இங்க வா. கல்யாணத்தன்னிக்கு நீ யாரையும் சிரிக்கச் சொல்லாத. திரும்பாதேனும் சொல்லாத. சொன்னா யாரு கேக்கறாங்க? ஆனா ஒண்ணு. ஐயர் மூஞ்சிய மட்டும் எடுத்துனு வந்துடாத. மாப்பிள்ளை மூஞ்சியும் வேணும்."

"சரிங்க அத்தை," என்றாள் மருமகள். கையில் ஈரம் இருப்பதை மறந்து கேமராவை வாங்கப் போனாள். "ஊறுகாய், ஊறுகாய்" என்றேன். சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தாள்.

மறுநாள் காலையில் அவர்களை வேன் ஏற்றிவிட்டு மாடியைப் பெருக்கப் போனேன். அங்கங்கே மிதிபட்டும் என் இரட்டைக் கோடு அழியாமல் இருந்தது. ஒரு தாமரை மட்டும் நாத்தனார் வீட்டுக்காரர் காலில் ஒட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போய்விட்டது. அரிசி மாவு அல்லவா, இரவே எறும்புக்குச் செய்தி போயிருந்தது. முன் கோட்டில் ஒரு வரிசை, பின் கோட்டில் ஒரு வரிசை. தள்ளுமுள்ளு இல்லை, குண்டாகத் தெரிவேன் என்கிற பேச்சு இல்லை. மலைமேல் ஜோதி அப்போதும் புகைந்துகொண்டிருந்தது, ஒரு எறும்பும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நேத்தே இதுங்கள நிக்க வச்சிருக்கலாம்" என்றேன்.

அவள் கீழே ஓடினாள். லென்ஸை மாட்டிக்கொண்டு வந்து தரையில் குப்புறப் படுத்துத் திருக ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பெருக்கவும் விடவில்லை. "அப்படியே நில்லுங்க அத்தை, நெழல் விழுது" என்றாள். துடைப்பத்தோடு நின்றேன். அடுப்பில் ரசம் இருந்தது.